தட்டில் காட்டியது

சோலைக்கு வாய் இருப்பதே பீடி குடிக்கத்தான் என்று எப்போதும்வென்றான் ஊரில் கேலி பேசுவார்கள். எழுபது செம்மறிகளை ஓட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கரிசக்காட்டில் திரிகிற மனுசன் யாரிடம் போய்ப் பேச? அதெல்லாம் சரிதான். ஆனால் ஆடு மட்டும் காரணமில்லை. முப்பத்தொரு வருசமாக ஒரு விஷயத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தார். அப்படி ஒன்றை வைத்திருக்கிறவனுக்கு வாயைத் திறந்தாலே பயம். ஒன்று சொல்லப் போய் இன்னொன்று வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் தங்கச்சி புருசனை ஆபரேஷன் மேசை வரைக்கும் அனுப்பி வைக்க இருந்தார்.

தங்கச்சி புருசன் சாமித்துரை. அவருக்கும் ஆடுதான் பிழைப்பு, கூடவே நாலு ஏக்கரில் உளுந்து. மாசி மாதம் ஒரு காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காட்டிலேயே சுருண்டுவிட்டார். கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னியில் கல். வெயிலில் திரிகிறவன் தண்ணீர் குடிக்காவிட்டால் கல்தான் வரும், அது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. "கல்லு கெடக்கட்டும். வயித்துக்குள்ள அங்கங்க கட்டி கட்டியாத் தெரியுது. இன்னொரு ஸ்கேன் பார்த்திருவோம்" என்றார் அங்கிருந்த டாக்டர். பார்த்தார்கள். பதினோரு கட்டி. பெரியது நெல்லிக்காய் அளவு, ஒன்று ஈரல்மேல் ஒட்டிக்கொண்டு இருந்தது. எங்கேயோ ஆரம்பித்த கேன்சர் வயிறு முழுக்கப் பரவினாற்போல இருக்கிறது, தாமதிக்காமல் மதுரைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீடு இழவு வீடாகிப் போயிற்று. தங்கச்சி வேலுத்தாய் புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனிக்குப் பொத்தான் தைக்கப் போகிறவள், வேனில் ஏறினால் இறங்குகிற வரை வாய் ஓயாதவள். அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து சோறு பொங்குவாள், புருசன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார், மறுபடி அழுவாள். மூன்று வாரம் இதே கதை. சோலை தினமும் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். தங்கச்சி முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. இந்தக் கேன்சரைக் கொடுத்தது தான்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஏன் என்றால் அதற்கு முப்பத்தொரு வருசத்துக்கு முந்திய ஒரு பங்குனிக்குப் போக வேண்டும்.

அப்போது சோலைக்கு இருபத்துமூன்று வயது, சாமித்துரைக்கு ஒரு வயது குறைவு. ஒரே ஊர், ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி ஆட்டை மறித்துப் புழுக்கை போட வைப்பதைக் கிடை போடுவது என்பார்கள். அந்த வருசம் கிடை போடக் கூப்பிட்ட காட்டுக்காரர் ஒரு கூறுகெட்ட மனுசன். சோலையிடமும் சரி என்று சொல்லிவிட்டார், சாமித்துரையிடமும் சரி என்று சொல்லிவிட்டார். ஒரே சாயங்காலம் இரண்டு மந்தையும் வந்து சேர்ந்தன. ஆடுகள் கலந்தன. யார் ஆடு எது என்று பிரிப்பதற்குள் ஆத்தாளை இழுத்தார்கள், அப்பனை இழுத்தார்கள். சோலை கையில் தொரட்டிக் கம்பு இருந்தது. குழை பறிக்க வைத்திருந்த கம்பை ஓங்கி ஒரே வீச்சு. சாமித்துரையின் இடது விலாவுக்குக் கீழே விழுந்தது.

ரத்தம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "ஏலே, இவ்வளவுதானா உன் பலம்?" என்று சாமித்துரை சிரிக்கக்கூடச் செய்தார். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்த்து, அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தார். அடித்த கையாலேயே சோலை அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வந்த பால் வண்டியை மறித்துத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, மாடு முட்டிவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னார். ரத்தம் வேண்டும் என்றார்கள், தன் ரத்தத்தைக் கொடுத்தார்.

மூன்று மணி நேரம் கழித்து ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து எதை எடுத்தாலும் சொந்தக்காரர்களுக்குக் காட்டிவிடுவது அங்கே வழக்கம். நாளைக்கு யாரும் வந்து ஒரு கேள்வி கேட்கக் கூடாதே. சாமித்துரையின் ஆட்கள் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வராந்தாவில் சோலை மட்டும். பச்சைத் துணி கட்டிய டாக்டர் ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டி, இதை எடுக்க வேண்டியதாகப் போயிற்று, ஆள் பிழைத்துக்கொள்வார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

டாக்டர் அதற்கு என்ன பேர் சொன்னார் என்பது சோலை காதில் ஏறவே இல்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. சின்ன வயசிலிருந்து கிடாய் உரித்துக் கூறு போட்ட கை அது. இரைப்பையை ஒட்டி, நாக்கு மாதிரி, கருஞ்சிவப்பாக இருக்குமே, கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவார்களே, அதுதான். ஆட்டுக்கு இருக்கிறது, மனுசனுக்கும் இருக்கும்போல. தட்டில் அது முழுசாக இல்லை, நாலைந்து துண்டாகச் சிதறிக் கிடந்தது. சோலை சன்னல் பக்கம் போய் வாந்தி எடுத்தார். அன்றைக்குப் பிறகு சுவரொட்டியை அவர் தொட்டதில்லை.

போலீஸ் கேஸாகிவிட்டால் இரண்டு வீடும் கோர்ட்டுக்கு நடந்தே தேய்ந்துபோகும் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சாமித்துரை எழுந்து நடமாடியதும் அய்யனார் கோயில் முன்னால் சூடம் கொளுத்தினார்கள். மாடுதான் முட்டியது, இதை இனி எவனும் எடுக்கக் கூடாது, எடுத்தவன் வீடு விளங்காது என்று சொல்லி, இருவரும் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்கள். அதற்கு முந்திய மூன்று மாதமும் சாமித்துரையின் மந்தையையும் தன் மந்தையோடு சேர்த்துச் சோலைதான் மேய்த்தார். ஒரு குட்டி குறையவில்லை. அதில்தான் இருவருக்கும் ஒட்டுதல் வந்தது. இரண்டு வருசத்தில் சாமித்துரை வேலுத்தாயைப் பெண் கேட்டார். உள்ளே கத்தி பட்ட உடம்புக்கு என் மகளைக் கொடுக்க மாட்டேன் என்று சோலையின் அம்மா முறுக்கியபோது, மேலோட்டமான தையல்தான், உள்ளே ஒன்றுமில்லை என்று இன்னொரு பொய்யையும் சோலையே சொல்லிவைத்தார்.

வேலுத்தாய் அத்தனையையும் அப்படியே நம்பினாள். நம்பினாள் என்றால் சாதாரண நம்பிக்கையா? அவள் வாசலில் இதுவரை ஒரு காளைக்கன்று கட்டியதில்லை. ரோட்டில் எதிரே மாடு வந்தால் புருசன் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பாள். பக்கத்தில் நடந்து வருகிற சோலை அப்போதெல்லாம் பீடி பற்றவைக்கிற சாக்கில் பின்னால் நின்றுவிடுவார்.

கோவில்பட்டி டாக்டர் எழுதி அனுப்பிய மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா நிதானமானவர். படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நடு வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்த தழும்பைப் பார்த்து, என்ன ஆபரேஷன் என்று கேட்டார். எந்த டாக்டர் கேட்டாலும் புருசனுக்குப் பதிலாக வேலுத்தாய்தான் பதில் சொல்வாள்.

"ஆபரேஷன் இல்லம்மா. கல்யாணத்துக்கு முந்தி மாடு கொம்பால கிழிச்சிட்டு. மேலோட தையல் போட்டாவ, அம்புட்டுத்தான்."

இவ்வளவு நீளத்துக்கு மேல்தையலா என்று டாக்டரம்மா சாமித்துரையைப் பார்த்தார். சாமித்துரை ஆமாம் என்று தலையை ஆட்டினார். டாக்டரம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இருக்க வேண்டும், அதைக் காணோம், எடுத்துவிட்டார்களோ என்று கேட்டார். இல்லவே இல்லை என்றாள் வேலுத்தாய். அப்படியென்றால் சிலருக்குப் பிறவியிலேயே இல்லாமல் இருக்கும், எதுவானாலும் வயிற்றைத் திறந்து இந்தக் கட்டிகளில் ஒன்றை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும், அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்துகொள்ளுங்கள், வியாழன் காலை ஆபரேஷன் என்று எழுதினார்.

சோலை பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டிய இடம் எது என்று அவருக்குத் தெரியும். அங்கே இருந்தது எங்கே போயிற்று என்றும் தெரியும். சொன்னால் சாமி குற்றம். சொன்னால் தங்கச்சி காறித் துப்புவாள். சொல்லி என்ன ஆகப் போகிறது, வந்த கேன்சர் போகவா போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கோழைத்தனம்தான், வேறென்ன.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உடைமர நிழலில் சாமித்துரை சோலையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். ஆட்டையெல்லாம் உங்கள் மந்தையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், வேலுவால் மேய்க்க முடியாது என்றார். எந்த ஆடு சினை, எது நொண்டி, எந்தக் கிடாயை அய்யனாருக்கு நேர்ந்துவிட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சோலைக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ளே, அந்த டாக்டரம்மாட்ட உள்ளதைச் சொல்லிருவமா?"

"என்னத்தச் சொல்ல? கேன்சருக்கும் அதுக்கும் என்ன மச்சான் இருக்கு? சூடம் அணைச்சது. போற நேரத்துல அண்ணனையும் தங்கச்சியையும் பிரிச்சு வச்சிட்டா போகச் சொல்லுதீக?"

சோலை மண்ணைக் கிளறினார். பிறகு, அன்றைக்கு வயிற்றுக்குள்ளிருந்து எதை எடுத்தார்கள் தெரியுமா என்று கேட்டார்.

"எதை எடுத்தாவ? கிழிஞ்சதைத் தச்சாவ. நாந்தான் மயக்கத்துல கெடந்தனே."

அப்போதுதான் சோலைக்கு உறைத்தது. அடிபட்டவருக்கே தெரியாது. அந்தத் தட்டைப் பார்த்தது உலகத்தில் தான் ஒருவன்தான். அன்றைக்கிருந்த டாக்டர் எங்கேயோ, காகிதம் எங்கேயோ. வேறு எவனும் வந்து இதைச் சொல்லப் போவதில்லை. தன் வீடு விளங்காமல் போனால் போகட்டும் என்று அந்த மரத்தடியிலேயே அவர் முடிவு பண்ணிவிட்டார். முடிவு பண்ணியும் அன்று சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை டாக்டரம்மா அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேலுத்தாய் பேனாவை வாங்கினாள். சோலை எழுந்து நின்றார்.

"அம்மா, ஒரு நிமிசம். இவியள மாடு முட்டல. நாந்தான் அடிச்சேன். கம்பால அடிச்சேன். வயித்தைத் திறந்துதான் ஆபரேஷன் பண்ணினாவ. நீங்க அன்னைக்குக் காணோம்னு சொன்னீகளே, அதை எடுத்துத் தட்டுல வச்சு எங்கிட்டக் காட்டினாவ. துண்டு துண்டா உடைஞ்சு கெடந்தது. நான் ஆடு உரிக்கிறவன்மா. எனக்குத் தெரியும்."

வேலுத்தாய் பேனாவைப் பிடித்தபடியே அண்ணனைப் பார்த்தாள். சாமித்துரை தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மாவுக்கோ முகமே மாறிவிட்டது. கோபமில்லை, அதுதான் ஆச்சரியம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எந்த வருசம்? உடைந்து இருந்ததா, முழுசாக இருந்ததா? நீங்களே கண்ணால் பார்த்தீர்களா? சோலை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவர் ஆயுசிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கடைசியில் இன்னொன்றையும் கேட்டுவிட்டார்.

"நான் அடிச்ச அடிதானம்மா கேன்சராப் போச்சு?"

அதற்கு டாக்டரம்மா உடனே பதில் சொல்லவில்லை. வேலுத்தாய் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம், வேறொரு ஸ்கேன் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார். நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சூடு காட்டிப் பழுதாக்கி, மருந்து கலந்து திரும்ப உடம்பில் ஏற்றுவார்களாம். பழுதான ரத்தத்தைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை. அந்தக் கட்டிகள் தான் நினைக்கிற சமாச்சாரம் என்றால் மருந்து நேரே அங்கே போய் நிற்கும், படத்தில் பளிச்சென்று தெரியும் என்றார். என்ன நினைக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அந்த இரண்டு நாள் இருக்கிறதே, சோலைக்கு அது இரண்டு வருசம். வேலுத்தாய் அவரோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஏசியிருந்தால், செருப்பைக் கழற்றியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து புருசனுக்குப் பிரித்துக் கொடுப்பாள், இன்னொரு பொட்டலத்தைச் சோலை உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அவ்வளவு பேசுகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சோலை பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். சாமித்துரை நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். இருட்டான வயிற்றுக்குள் பதினோரு இடத்தில் வெளிச்சம். ஈரல்மேல் ஒட்டியிருந்ததும் சேர்த்து.

"இதுல ஒண்ணுகூடக் கேன்சர் இல்ல. எல்லாமே இவரோட மண்ணீரல்தான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அடிபட்டு உடைந்தபோது மண்ணீரலின் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறியிருக்கின்றன. பெரிய துண்டுகளை டாக்டர் எடுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத பொடிகள் உள்ளேயே தங்கி, விதை விழுந்த மாதிரி அங்கங்கே ஒட்டி, ரத்த ஓட்டம் பிடித்து, முப்பது வருசமாக வளர்ந்திருக்கின்றன. படத்தில் பார்த்தால் அச்சு அசல் கேன்சர் பரவியது போலவே இருக்கும், பெரிய டாக்டர்களே ஏமாந்துபோவார்கள். இவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. எடுக்கவும் வேண்டாம். தெரியாமல் கத்தி வைத்திருந்தால்தான் வம்பு, ரத்தம் கொட்டியிருக்கும். வலி வந்தது கல்லுக்கு, அதற்குத் தண்ணீர் குடித்தால் போதும், மாத்திரை தருகிறேன். மண்ணீரல் எடுத்தவர்களுக்குப் போடுகிற தடுப்பூசி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"வீட்டுக்கா?" என்று கேட்டார் சாமித்துரை.

"வீட்டுக்குத்தான். இன்னைக்கே."

வேலுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மூன்று வாரமாக அழுத அழுகை வேறு, இது வேறு. சாமித்துரை படத்தில் இருந்த வெளிச்சங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். உயிர் திரும்பி வந்ததும் வாயும் திரும்பி வந்துவிட்டது அவருக்கு. "ஊருல எல்லாருக்கும் ஒண்ணு, எனக்குப் பதினொண்ணு. மச்சான் அடிச்ச அடி வீண் போகல" என்றார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

சோலைக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. ஆமாம், உங்கள் அடியால் வந்ததுதான், ஆனால் அது இவரை ஒன்றும் செய்யாது, நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான்தான் கத்தி வைத்து ஏதாவது செய்திருப்பேன் என்றார் டாக்டரம்மா. சோலை கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமல் வராந்தாவுக்கு வந்து, தூணுக்குப் பின்னால் நின்று சின்னப் பிள்ளைபோல் தேம்பினார்.

ஊசி போட்டு, மாத்திரை வாங்கி, மாட்டுத்தாவணிக்கு வந்து பஸ் ஏறும்போது மணி மூன்று. மூன்று பேர் உட்காருகிற சீட். வேலுத்தாய் சன்னலோரம், சாமித்துரை நடுவில், சோலை இந்தப் பக்கம். திருமங்கலம் தாண்டுவதற்குள் சாமித்துரை தூங்கிவிட்டார். மூன்று வாரத் தூக்கம், விடுமா? விருதுநகர் போயிற்று, சாத்தூர் போயிற்று. வேலுத்தாய் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இனி இவள் நம்மோடு பேசப் போவதில்லை, மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று சோலை மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"அடிச்சது கூட எனக்குப் பெரிசில்ல" என்றாள் வேலுத்தாய். சன்னலைப் பார்த்தேதான் சொன்னாள். "அடிக்காத ஆம்பள யாரு இருக்கா நம்ம ஊருல? மூணு வாரம் அழுதேன். நீ வாசல்ல வந்து நின்னு பாத்துட்டுப் பாத்துட்டுப் போன. அதை நான் எங்கிட்டு கொண்டு வைக்க?"

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. சாமித்துரையின் தலை முன்னால் சரிந்தது. வேலுத்தாய் சட்டென்று கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

"அவிய கழுத்து சரியுது பாரு. தோளைக் குடு அண்ணே" என்றாள்.

சோலை நகர்ந்து உட்கார்ந்து தோளைக் கொடுத்தார்.